அறுவடை வரைக்கும் பொறுக்கச் சொன்ன அக்காவுக்கு

என்ர அன்பு அக்கா,

வென்றுவிட்டோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன். மாமியின் மலைச்சரிவு மாமிக்குத்தான்!

இன்று காலை இங்கே ஹில்ஸ்பரோ வீட்டில் உங்கள் மகள் லைலாவுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. ஜெருசலேமுக்குப் பக்கத்தில் தன் ஊரிலிருந்து யூசுப் அத்தான். "வசந்தி, வேலியைப் பிடுங்கச் சொல்லித் தீர்ப்பு வந்துவிட்டது" என்று இங்கிலிஷில் தொடங்கியவர், அழுகையும் சிரிப்புமாக அரபிக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

எங்கே தொடங்கியது இதெல்லாம்? அத்தானின் ஊருக்கு மேலே, மலை உச்சியில் இஸ்ரேலியக் குடியேறிகள் வீடு கட்டினார்கள். பிறகு அவர்களுடைய கம்பிவேலி ஒலிவ் மரங்களையும் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கியது. அங்கே யாரும் பயிர் செய்வதில்லை, ஆகவே அது அரசாங்கக் காணி என்று ராணுவ நிர்வாகம் சொன்னது. பரம்பரையாக அங்கே காய் பறித்த மாமி, அத்தானின் அம்மா, மற்றப் பங்குக்காரக் குடும்பங்களுக்கும் சேர்த்து முறையீடு செய்தா. அவவுக்காக வாதாடியது ஒரு யூதப் பெண் வக்கீல்.

நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அந்த வக்கீல் போன் எடுத்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். விசாரணைக் குழு நேரில் வந்து காணியைப் பார்க்கச் சம்மதித்திருந்தது. ஜூலையிலா, அறுவடைக்காலத்திலா? அத்தான் ஜூலை என்றார். தீர்ப்பை நீங்கள் கண்ணால் காண வேண்டும் என்பதுதான் அவருடைய அவசரம்.

"எனக்காக அவசரப்பட வேண்டாம்" என்றீர்கள். "கோடையில் வந்தால் முள்ளையும் கல்லையும்தான் பார்ப்பார்கள். சனம் நின்று காய் பறிக்கிற நேரம் வரட்டும்."

"அதுவரைக்கும் நீ..." என்று தொடங்கிய அத்தான் உங்கள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்: "கொழும்பில எரிஞ்ச எங்கட வீட்டை ஒருத்தரும் வந்து பாக்கேல்லை, வசந்தி. இதையெண்டாலும் வந்து பாக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது, அக்கா. அறுவடைவரை நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். எப்படி அவ்வளவு நிதானமாகச் சொன்னீர்கள்?

ஆகஸ்ட் மழையில் உங்களை அனுப்பிவைத்தோம். அதன்பிறகு அத்தான் ஊருக்குப் போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். ஒருநாள் லைலாதான் அவர் முன்னால் போய் நின்றாள். "டாட், மம் அறுவடைக்கு என்றுதானே சொன்னவ. யூ ஹாவ் டு கோ." மறுநாளே டிக்கெட் எடுத்தார்.

போன கிழமை குழு வந்தது. அன்றைக்கு மட்டும் வேலியைத் திறந்துவிட வக்கீல் அனுமதி வாங்கியிருந்தா. அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கியபோது சரிவு முழுக்கச் சனம். பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் தன் மரத்தடியில் துணி விரித்து, ஏணி சாத்தி, காய் பறித்துக்கொண்டிருந்தது. இது யாருடையது, அது யாருடையது என்று கேட்டுக்கொண்டே அதிகாரி மேலே ஏறினார். எந்த மரத்தடியிலும் பதில் தாமதிக்கவில்லை. முந்தி அங்கே போயிருந்தபோது நீங்களும் மாமியும் அடுக்கிய கல்வரம்பில் ஏறித்தான் போனாராம்!

மேலேயிருந்து குடியேறி ஒருவர் இறங்கி வந்தார். இளம் ஆள். "இது ஆளில்லாத காணி என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்" என்றார்.

மாமி கூடையை இறக்கி வைத்தா. "ஆளில்லையா? அப்ப நீ யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?"

வக்கீல் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் குழுவில் ஒருவர் குனிந்து சிரித்தாராம். அந்த இளைஞர் திரும்பி மேலே நடந்தார்.

உச்சியில் அந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன, அக்கா. அதை அத்தானும் மறைக்கவில்லை. ஆனால் சரிவு முழுவதும் பயிர் செய்யப்பட்ட தனியார் காணி என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். இனி மாமி யாரிடமும் கேட்காமல் அங்கே போகலாம். ஊரில் பெண்கள் குலவையிட்ட சத்தம் டெலிபோனிலேயே கேட்டது!

இன்றைக்கு லைலாவைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. ரவை கிளறினேன். பக்கத்து வீட்டு மலேசியா மேரி செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தா. "ஜெயிச்சாச்சா? உண்மையாவா லா?" என்று என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினா. நடுவில் லைலா நின்று கைதட்டினாள். நீங்கள் போனபிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதே இல்லை.

கடைசியாக மாமி டெலிபோனை வாங்கினா. அவவுக்குத் தெரிந்த ஒரே இங்கிலிஷ் சொல்லைச் சொன்னா: "கம்."

"வாறன் மாமி" என்றேன், தமிழிலேயே. விளங்கியிருக்கும்.

வருகிற அறுவடைக்கு லைலாவைக் கூட்டிக்கொண்டு நான் போவேன், அக்கா. உங்கள் பங்கு மரங்களில் அவள் தன் கையாலேயே காய் பறிப்பாள்.

உங்களோடு கூடப்பிறந்தவள்,
வசந்தி