இடது முன்சக்கரத்துச் சத்தம்

நவம்பர் 4, செவ்வாய்

காலை முதல் தூறல். வண்டி சர்வீஸ் சென்டரிலிருந்து சனிக்கிழமைதான் வந்தது. இன்று மறுபடியும் அதே சத்தம்.

லஸ் பக்கம் மெட்ரோ தடுப்பை ஒட்டிய பள்ளத்தில் இறங்கியதில் இடது முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம் வளைந்துவிட்டது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கை. புதிது போட்டார்கள். அலைன்மென்ட் பார்த்தார்கள். ஆனாலும் வேகத்தடையில் இறங்கினால் 'டொக்'. இடப்பக்கம் திரும்பினால் 'டொக்'. ஸ்டியரிங்கில் லேசான உதறல். அல்லது என் கையின் உதறல்.

கமலாவை அடையாறு பிசியோதெரபிக்கு அழைத்துப் போகும் நாள். மூட்டு அறுவைக்குப் பின் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டுதான் வருகிறாள். ஒரு முறை வாடகைக் காரில் போனோம். மந்தைவெளியில் அவன் போட்ட பிரேக்கில் சரிந்துவிட்டாள். அதன் பிறகு வேறு யார் ஓட்டினாலும் ஏறுவதில்லை.

திரு.வி.க. பாலத்தில், வலப்பக்கம் ஒரு பேருந்து உரசுகிற மாதிரி வரும்போது, 'டொக்'. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஹாரன். சத்தம் ஏதாவது கேட்டதா என்று கமலாவிடம் கேட்டேன். இல்லையே என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. வீணை சொல்லிக் கொடுத்தவள். சமையலறையில் இருந்துகொண்டே கூடத்து மாணவியின் தந்தி சுருதி இறங்கியிருப்பதைச் சொல்லுவாள். அவளுக்கே கேட்கவில்லை.

ஆகவே:
காது (வலது காது மந்தம், வயது என்று டாக்டர்).
மனம்.
வண்டி.

வண்டியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என்ன ஆசை இது.

நவ. 5, புதன்

சர்வீஸ் சென்டர், நந்தனம் பக்கம். அட்வைசர் பெயர் பிரவீன். கழுத்தில் டை, பேச்சில் மரியாதை. ஓட்டிப் பார்த்துவிடலாம் சார் என்றார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் ஏறி உட்கார்ந்தால் அவரை டிரைவராக நடத்தியது போல் ஆகும். படித்த பிள்ளை.

சத்தம் இல்லை. இன்னொரு சுற்று போனோம். இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

திரும்பி வந்ததும் நீலச் சட்டை மெக்கானிக் சொன்னார்: "இன்னா சார், வண்டி சைலன்ட்டா கீது. நீங்கதான் பயந்துகினு ஓட்றீங்க." பிரவீன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

தனியாக வீடு திரும்பும்போது வழியெல்லாம் டொக், டொக்.

இரவு புனேயிலிருந்து ஸ்ரீராம். தனக்கொன்றும் கேட்கவில்லை, கம்பெனியிலும் ஒன்றுமில்லை என்றார்கள் என்று கமலா ஏற்கெனவே அவனிடம் சொல்லியிருக்கிறாள். "கம்பெனிக்காரனே ஒண்ணுமில்லேங்கறான். உனக்கு மட்டும் கேக்கறதுன்னா, எனக்கு வண்டியப் பத்திக் கவலை இல்லப்பா, உன்னைப் பத்திதான்." ஞாயிறு வருகிறானாம். வண்டியை விற்றுவிடலாம் என்கிறான். பார்க்கலாம் என்றேன். என் மகனிடம் நான் அதிகமாகச் சொன்ன சொல் இதுவாகத்தான் இருக்கும்.

நவ. 6, வியாழன்

பிசியோ. கிளம்புமுன் இன்று வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். காரணம் என்ன சொல்வது? யாருக்கும் கேட்காத சத்தம் எனக்குக் கேட்கிறது என்றா? போனோம்.

பாலத்தில் இரண்டு தரம். "இப்ப கேட்டுதா?" "எனக்கொண்ணும் கேக்கலை. ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ." சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடையாறு வந்துதான் கை தளர்ந்தது. சக்கரம் கழன்று ஓடுவதைப் போல ஒரு படம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பின்சீட்டில் அவள் நீட்டிய கால்.

குடையைப் பிசியோவிலேயே விட்டுவிட்டேன். மறதியும் சேர்ந்துகொண்டதா?

நவ. 7, வெள்ளி

நல்ல மழை. கீழ்வீட்டு சண்முகத்தின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. தி.நகரில் துணிக்கடை, திருநெல்வேலிக்காரர், ஆள் நல்ல கனம். "சார்வாள், பனகல் பார்க் வரைக்கும் விட்டுருதியளா?" வண்டியில் ஒரு சத்தம் இருக்கிறது, பரவாயில்லையா என்றேன். நானும் கேக்கேன், போவோம் என்று முன்சீட்டில் ஏறிவிட்டார்.

வழி முழுக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் பல்லைக் கடித்தேன். "வண்டி பூனை மாதிரில்லா போகுது, சார்வாள்." இறங்கிப் போனார்.

வெங்கடநாராயணா சாலைக்குத் திரும்பினேன். டொக்.

ஓரமாக நிறுத்தினேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. பிரவீனோடு போனபோது முன்னால் இரண்டு பேர், சத்தம் இல்லை. சண்முகத்தோடு வந்தபோதும் இரண்டு பேர், இல்லை. தனியாக என்றால் உண்டு. கமலா பின்னால் இருந்தால் உண்டு. இடது முன்சீட்டில் எடை விழுந்தால் ஏதோ ஒன்று அழுந்தி உட்கார்ந்துகொள்கிறது. சீட் காலியானால் ஆடுகிறது. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனுக்கு இது தோன்ற ஒரு துணிக்கடைக்காரர் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

மழை விட்ட பிறகு, சாயங்காலம், அரிசி மூட்டையை முன்சீட்டில் வைத்தேன். பெல்ட் போடச் சொல்லி வண்டி கிணுகிணுவென்று கத்தியது. மூட்டைக்கு பெல்ட் மாட்டினேன். வாட்ச்மேன் பார்த்தார், கேட்கவில்லை. ராஜா அண்ணாமலைபுரத் தெருக்களில் சுற்றினேன். மூட்டை இருந்தால் அமைதி. எடுத்து டிக்கியில் போட்டால் டொக். தற்செயலாக இருக்குமோ என்று முறையை மாற்றியும் பார்த்தேன். அதேதான்.

"அரிசி என்ன, காத்து வாங்கப் போயிருந்ததா?" என்றாள் கமலா. ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சத்தம் நிஜம். நிஜமென்றால், நேற்று பாலத்தில்?

நவ. 8, சனி

பிசியோவுக்கு இன்று வேண்டாம் என்றேன், மழையைக் காட்டி. சர்வீஸ் சென்டருக்குத் தனியாக.

சொல்ல வேண்டியதைக் குளியலறைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்திருந்தேன். நான் பின்னால் உட்கார்கிறேன், முன்சீட்டில் யாரும் வேண்டாம். பிரவீன் எனக்காக முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஏன் சார் என்றார். தயவுசெய்து என்றேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. மெக்கானிக், சார் இன்னிக்கு டிரைவர் வெச்சுகினு போறாரு என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மட்டும் காது நன்றாகவே கேட்கிறது.

பின்சீட்டில் கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். முதல் வேகத்தடை. டொக்.

பிரவீன் ஏசியை அணைத்தார். அடுத்ததில் மறுபடி டொக். அந்தச் சுற்றை முடிக்காமலே திருப்பினார்.

லிஃப்டில் ஏற்றினார்கள். மெக்கானிக் கம்பியை நுழைத்து நெம்பினார். பிறகு கையை உள்ளே விட்டார். "லோயர் ஆர்ம் பின்னாடி போல்ட்டு சார். கையால சுத்தினாலே சுத்துது." புது ஆர்மைப் போட்டவர்கள் அதை முறுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

"கழன்றிருந்தால்?"

"வீல் சாஞ்சிருக்கும் சார்."

"ஓடும்போதா?"

"ஓடும்போதுதான் சார்."

புது போல்ட் போட்டு, மற்றவை எல்லாவற்றையும் முறுக்கிப் பார்த்தார்கள். மேனேஜர் வந்தார். காபி. நடந்ததற்கு வருந்துகிறோம், வெளியே எங்கும் எழுதிவிடாதீர்கள் என்றார். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி. நான்தான் சொன்னேன்.

காலி முன்சீட்டோடு வீடு வரை ஓட்டினேன். சத்தம் இல்லை.

நவ. 9, ஞாயிறு

வெயில். துணிகள் காய்ந்தன. அவரைக்காய் விலை ஏறிவிட்டதாம்.

டிபனுக்குப் பின் கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட், பாலம், என்ன ஆகியிருக்கும் என்பது. பயந்துபோவாள் என்று தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவள் துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எனக்குக் கேட்டுது," என்றாள்.

எப்போது என்றேன்.

"செவ்வாக்கிழமையே. வியாழக்கிழமையும்."

"கேக்கலைன்னியே."

"கேக்கறதுன்னு சொன்னா சாவியை ஸ்ரீராம் கையில குடுத்துடுவேள். அவன் வித்துடுவான். அப்புறம் நாள் பூரா எனக்கு எதிர்க்க உக்காந்துண்டு என் முட்டியையே பாத்துண்டிருப்பேள். போல்ட்டுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? பழைய வண்டி, சத்தம் போடறதுன்னு இருந்துட்டேன்."

எனக்குக் காது போய்விட்டது, இல்லை புத்தி போய்விட்டது என்று நினைத்தேனே என்றேன்.

"தெரியும்," என்றாள்.

கோபப்படத் தெரியாமல் மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்தேன். பாலத்தில் அந்தப் பேருந்து ஒரு கை தூரத்தில்தான் வந்தது.

மாலை ஸ்ரீராம் வந்தான். சாப்பிடும்போது, போல்ட் விஷயத்தை நான் ஆரம்பிப்பதற்குள் அவனே கேட்டான்: "சத்தம் இருந்துதா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்கோ, ரெண்டு பேரும்."

இருந்தது என்றேன்.

"அம்மா உனக்கு?"

கமலா என் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு ரசம் ஊற்றினாள்.

"கேட்டுது," என்றாள். "கேக்கலைன்னு சொன்னது பொய். அப்பாவை நம்பாம இருந்தது நீயும் நானுந்தான்."

அவன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான்.