பச்சைத் தண்ணீரில் ஊறின டீ

அன்பு மகள் பாக்யலட்சுமிக்கு ஆம்பூரிலிருந்து அப்பா சொல்லி எழுதுவது. இங்கே வெயில்தான் ரொம்ப சௌக்கியமாக இருக்கிறது, மனுஷர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். போர்ச்சுகலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது தன்சீல் பாயின் மருமகள் ரஃபத் ஜஹான், அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். போன வாரம் போனில் கேட்டாயே, எங்கள் ஷூ ஃபேக்டரி ஆட்கள் பன்னிரண்டு பேரைக் கோடை விருந்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அம்மா போட்டுக் கொடுத்த ஜில்லென்ற பழ டீயை எப்படிப் போடுவது என்று. அன்றைக்கு எனக்குப் பேச வாய் வரவில்லை, கடிதத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த டீயை முதலில் போட்டது எந்த வருஷம் என்றால், கோர்ட்டு ஆர்டர் வந்து தோல் பதனிடுகிற ஷாப்புகளை மூடினார்களே, அதற்கு அடுத்த கோடை. அந்த வருஷம்தான் உனக்கு முன்பல் விழுந்து அதைக் கூரைமேல் போட ஏணி கேட்டு அழுதாய், பக்கத்து வீட்டு மாடு இரட்டைக் கன்று போட்டது. தோலை ஊறவைக்கிற பட்டைத் தொட்டியில் வேலை செய்த நாங்கள் ஆறு பேரும் போக்கிடம் இல்லாமல் நம் வீட்டுப் புங்க மரத்தடியில் வந்து உட்காருவோம். எங்களில் சாமுவேல் மட்டும் தள்ளுவண்டியில் பழம் விற்றான், விற்காமல் கனிந்து போனதைச் சாயங்காலம் பையோடு கொண்டுவந்து கொட்டுவான். பால் இல்லை. உன் அம்மா பூங்காவனம் பாலில்லாத டீயைக் குளிர வைத்து அந்தப் பழத்தை அரிந்து போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு ஆறு பேரும் அந்த மரத்தடியிலேயே சாய்ந்து படுத்துக்கொண்டோம். ஷாப்பு திறந்த பிறகும் விடவில்லை, வருஷா வருஷம் சித்திரை கடைசி ஞாயிறு, அதே மரத்தடி, அதே டீ. ஒருத்தனாகக் குடிக்கக் கூடாது, ரெண்டு பேராவது வேணும் என்று விளையாட்டாகச் சட்டம் போட்டவன் சாமுவேல், முதலில் போனவனும் அவன்தான். அப்புறம் ஒன்று ஒன்றாக இன்னும் மூன்று பேர். கடைசியில் நானும் தன்சீல் அகமதுவும் என்றாகிவிட்டது.

தை மாதம் அம்மா போனதும் தன்சீல் சொல்லிவிட்டான், தங்கச்சி இல்லாத வீட்ல எனக்கு இன்னா டீ, இந்த வருஷத்தோட வுட்டுடு லோகு என்று. பக்கவாதத்தில் இடது கை விழுந்ததிலிருந்து அவன் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூட வெளியே போகவில்லை. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லையம்மா. அம்மாவும் இல்லை, அந்த ஞாயிறும் இல்லை என்றால் பிறகு இந்த வீட்டில் என்னதான் இருக்கிறது. போய்க் கூப்பிட்டேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். நீ வரலைன்னா நான் ஒண்டியா குடிப்பேன் என்றேன். குடி, எனக்கு இன்னா என்றான்.

நானே போட்டேன். அங்கேதான் புத்தி தோல் ஷாப்புக்குப் போய்விட்டது. கொதிக்கிற தண்ணீரில் டீத்தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டு மூடி, சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அப்படியே விட்டேன். நாற்பது வருஷம் பட்டைத் தண்ணீரோடு இருந்தவன், ஊற ஊறத்தானே நல்லது. காலையில் விரலை நனைத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன், நாக்கு சுருண்டது. அடடா பதம் வந்துவிட்டது என்று சந்தோஷமாகப் பழத்தையும் அரிந்து போட்டேன். பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ரஃபத் தோளைப் பிடித்துக்கொண்டு தன்சீல் இறங்கினான். டீ குடிக்க வரலை, நீ இன்னா கூத்து பண்ணி வெச்சிருக்கேன்னு பாக்க வந்தேன் என்றான். டம்ளரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தான், முகம் கோணிப்போயிற்று. லோகு, இதுல ஒரு ஆட்டுத்தோலைப் போடு, மூணே நாள்ல பதம் ஆயிடும், மனுசனுக்கு ஏன்டா குடுக்கறே என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான் பார், ஆறு மாசத்தில் மாமா சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன் சாச்சா என்று ரஃபத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அப்புறம் மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவன் சொல்லச் சொல்ல நான் மறுபடி போட்டேன். நான் வருஷா வருஷம் குடித்தேனே தவிர அம்மா கையைப் பார்த்ததில்லை, அவன் பார்த்திருக்கிறான். நீயும் அப்படியே செய். தூள் வேண்டாம், இலையாக இருக்கிற டீ. பத்து டம்ளர் பச்சைத் தண்ணீருக்கு ஒரு பிடி, பழைய வேட்டித் துணியில் தொளதொளவென்று கட்டி, கண்ணாடி ஜாடியில் தொங்கவிடு. அடுப்பே வேண்டாம். மூன்று மணி நேரம். எடுக்கும்போது மூட்டையைப் பிழியாதே, நான் பிழியப் போனேன், டேய் அது இன்னா தோலா, முறுக்கிப் பிழியறே என்று கத்தினான். பிழிந்தால் துவர்ப்பெல்லாம் இறங்கிவிடும். பிறகு பாதிக் கனிந்த மாம்பழத்துண்டு, லேசாக நசுக்கின பன்னீர் திராட்சை, வெள்ளைத்தோலும் கொட்டையும் எடுத்த சாத்துக்குடிச் சுளை, ரெண்டு கொத்து புதினா, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை போடாதே, பழமே போதும். ஐஸை ஜாடியில் போடாமல் டம்ளரில் போடு, இல்லாவிட்டால் கடைசி ஆளுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும்.

அந்த மூன்று மணி நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜாடி நிழலில் இருந்தது, மூட்டையிலிருந்து ஒரு சிவப்பு நூல் இறங்கியது, பிறகு இன்னொன்று, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. புங்கம்பூ ஒன்றிரண்டு எங்கள் மேல் விழுந்தது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். தூக்கமா விழிப்பா தெரியவில்லை. அடுப்படியில் அம்மா பழம் அரிகிற சத்தம் கேட்டது போல இருந்தது, எழுந்து பார்க்கத் தோன்றவில்லை, கேட்டபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சாமுவேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர்றான் பாரு என்றான் தன்சீல் கண்ணை மூடிக்கொண்டே. சக்கரம் கிரீச்சுங்குது, எண்ணெய் போடச் சொல்லு என்றேன் நான். தண்ணீர் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வந்தது. வெயில் சாய்ந்தபோது குடித்தோம். தங்கச்சி போட்டதுல கால்வாசி வந்துருக்கு என்றான். கொஞ்ச நேரம் கழித்து, கால்வாசிதான், இன்னொரு டம்ளர் குடு என்று கையை நீட்டினான்.

அந்த ஞாயிறு கழிந்து பதினோராம் நாள் விடியற்காலையில் தன்சீல் தூக்கத்திலேயே போய்விட்டானம்மா. இதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை. நானும் போய் மூன்று பிடி மண் போட்டேன். இந்த இடத்தில் ரஃபத் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இதையும் எழுதும்மா என்று நான் சொன்ன பிறகு எழுதுகிறாள். நீ அழாதே. அவன் வந்தான், குடித்தான், இன்னும் கேட்டு வாங்கிக் குடித்தான், எனக்கு அது போதும். அடுத்த சித்திரைக்கு லீவு போட்டு வா என்று சொல்லமாட்டேன். ஒருத்தனாகக் குடிக்கக் கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம், அதை நான் மீறப் போவதில்லை. இனிமேல் அந்த டீயை நீதான் போட வேண்டும், பன்னிரண்டு பேர் என்றால் ஜாடி ரெண்டு வை.

குழந்தையை வெயிலில் தொப்பி இல்லாமல் அனுப்பாதே. மாப்பிள்ளை முதுகுவலிக்குச் சும்மா மாத்திரை போடாமல் டாக்டரிடம் காட்டச் சொல். ரஃபத்துக்கு ஒருமுறை போன் செய், உன் குரல் கேட்டால் ஆறுதலாக இருக்கும். உன் வீடு எப்போதும் ஆட்கள் வந்து உட்காருகிற வீடாக இருக்க வேண்டும், உன் கையால் குடித்தவர்கள் வாயார வாழ்த்த வேண்டும், நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் புங்க மரத்தடியில் முதல் டம்ளர் குடித்த ஆறு பேரில் இப்போது இருப்பவன்,

உன் அப்பா,
லோகநாதன்.