இடப்பக்கம் மாற்றிய லீவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. குட்டிக்கு இருமல் நின்றுவிட்டதா, நீ அனுப்பிய படத்தில் கன்னம் வற்றித் தெரிகிறது, வெறும் பாலைக் கொடுத்து ஏமாற்றாதே. போனில் பேசாமல் அம்மா ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருடைய வலது தோள் இறுகிப்போனது உனக்குத் தெரியும். சட்டை மாட்டவே நான் கை கொடுக்க வேண்டும். ஆனாலும் நம் கிழவனை விட்டுவிட அவருக்கு மனசில்லை (டிராக்டரை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், இந்த வீட்டில் இரண்டு கிழவர்களைக் கட்டி மேய்ப்பது நான்தான்). கலப்பையைத் தூக்கி இறக்குகிற லீவர் சீட்டுக்கு வலது பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கிறது. வயல் ஓரத்தில் வண்டி திரும்பும்போதெல்லாம் அதை இழுத்தாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உழுதுவிட்டு வந்தவர், லீவரை இடப்பக்கம் கொண்டுவரப் போகிறேன் என்றார். ஆள் வைத்து உழுதுகொள்ளலாமே என்றேன். நான் என்ன செத்தா போயிட்டேன் என்று ஒரே அதட்டல். கொட்டகையில் இரும்புக் குப்பையைக் கிளறி ஒரு பட்டைக் கம்பியை எடுத்து, சீட்டுக்கு அடியில் குறுக்கே படுக்க வைத்து, நடுவில் ஒரு போல்ட் போட்டு, ஒரு முனையைப் பழைய லீவரோடும் மறுமுனையை இடப்பக்கம் புதிதாக வைத்த கைப்பிடியோடும் இணைத்தார். வெல்டிங் வைக்க மட்டும் பட்டறைக்காரரை அழைத்தார். அந்த மனிதர் ஆட்டிப் பார்த்துவிட்டு, அண்ணே இது தலைகீழால்ல வேலை செய்யுது, முன்னெல்லாம் இழுத்தா கலப்பை தூக்கும், இப்ப இழுத்தா இறங்கிடும், இன்னொரு இணைப்பு கொடுத்து நேராக்கித் தரேன் என்றார். உன் அப்பா கேட்கவில்லை. ரெண்டு நாள் ஓட்டினா கை தானா பழகிடும், நம்ம மாப்பிள்ளை அந்த ஊர்ல ரோட்டுக்கு மறுபக்கம் ஓட்டிப் பழகலையா என்று எனக்குச் சமாதானம் வேறு. உண்மையில் நன்றாகத்தான் ஓட்டினார். எனக்குத்தான் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது.

மழை விட்ட பிறகு மேட்டு வயலை உழும்போது கலப்பையில் கொடி சுற்றிக்கொண்டது. கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமலே, கொஞ்சம் உருவி விடேன் என்று என்னைக் கூப்பிட்டார். பின்னால் குனிந்து உருவினேன். ஒரு பக்கம் கை எட்டவில்லை, இன்னும் கொஞ்சம் தூக்குங்க என்று கத்தினேன். கலப்பை மேலே போகவில்லை, பொத்தென்று இறங்கியது. காலை எப்படி இழுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை, செருப்பு மட்டும் மண்ணுக்குள் போய்விட்டது. பயப்படாதே, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர்தான் முகம் வெளிறிப்போய் இறங்கி வந்து, அந்தச் செருப்பைத் தோண்டி எடுத்து, தன் சட்டையிலேயே மண்ணைத் துடைத்துக் கொடுத்தார். பிள்ளைக்குச் சொல்லிடாதே என்றார். அன்றைக்கே பட்டறைக்காரரைத் தானே போய் அழைத்து வந்தார். அவர் இன்னொரு இணைப்பு வைத்துப் பழையபடி இழுத்தால் தூக்குகிற மாதிரி ஆக்கி, தூக்கின கலப்பை தானாக இறங்காமலிருக்க ஒரு கொக்கியும் மாட்டிவிட்டார். விட்டது தொல்லை என்று நினைத்தேன்.

விடவில்லை அம்மா. அதற்குப் பிறகும் தூக்க நினைத்து இறக்குகிறார். வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி தூக்குகிறார், இறக்குகிறார், தப்பாகப் போனால் கைப்பிடியைத் திட்டுகிறார். மாற்றி மாற்றி வைத்ததில் கை குழம்பிப்போயிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் குழாயை மூடப் போய் இன்னும் வேகமாகத் திறந்துவிடுகிறார். போன வாரம் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த என்னை அக்கா என்று கூப்பிட்டார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உன் அத்தை போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாகிறது.

இன்று காலை கிழவனைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து அந்தப் பட்டைக் கம்பியைத் தடவினார். பிறகு உள்ளே வந்து, கோபமே இல்லாமல், நம்ம வண்டில யாரு கை வச்சது, லீவரை இந்தப் பக்கம் மாத்திட்டாங்களே என்று கேட்டார். பட்டறைக்காரர் என்று சொல்லி வைத்தேன். நல்ல வேலைக்காரன்தான், ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம் என்றார். கூடவே, நாளைக்குப் பக்கத்து வயல்காரருக்கு உழுது தருவதாக ஒத்துக்கொண்டேன், கொடி உருவ அவர் பெண்டாட்டியை வரச் சொல்லியிருக்கிறேன் என்கிறார். அந்தப் பெண் கையில் குழந்தை வைத்திருப்பவள். நான் வேலியோரம் போய், நாளைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன், காரணம் கேட்டதற்குத் தோள்வலி என்றேன். வண்டிச் சாவியை எடுத்து ஒளித்துவிட்டேன். இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். அலமாரி ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்கிறது. என்னைக் கேட்டு அதட்டினால்கூடத் தேவலை, அதட்டவில்லை.

நான் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால் கேட்பார். தோளைக் காட்டுவதற்கு என்று சொல்லி டாக்டரிடம் போக ஒத்துக்கொள்ள வை, மற்றதை நான் டாக்டரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். முடிந்தால் ஒருமுறை வந்து போ, சீக்கிரம் வா. நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. இன்னொன்று, நீ கூப்பிடும்போது அவர் போனை எடுத்தால், எடுத்த உடனே நீ யார் என்று சொல்லிவிடு.

உன் அம்மா