படையலுக்கு ஒரு பீர்

ஜூலை 6, ஞாயிறு

காலைல மூணு டிகிரி. துணி ரெண்டு நாளாக் காயல.

விருதுநகர்ல இருந்து நாத்தனார் போன். ஆகஸ்ட் 10 அவரோட முதல் வருஷத் திதி. அண்ணனுக்குப் பிடிச்சதெல்லாம் இலையில வைக்கணும் அண்ணி, பீரும்தான்னா. அவங்க வீட்டு வழக்கம். மாமனாருக்கு வருஷா வருஷம் சுருட்டும் பிராந்தியும் வைப்பாங்க. இருக்கிறப்போ திட்டுறது, போனப்புறம் ஊத்தி வைக்கிறது. நல்ல வழக்கம்.

சரின்னுட்டேன். ஆனா அவர் குடிச்சது ஒரே ஒரு பீர். இந்த நாட்டுக்கு வந்த புதுசுல நாலு வருஷம் இருந்த ஆத்தோர ஊர்ல காய்ச்சினது. லேபிள்ல கூழைக்கடா. மெல்பர்ன் வந்தப்புறமும் பெட்டி பெட்டியா வரவழைப்பார். அவர் போன மூணாவது மாசம் அந்தக் கம்பெனியையும் மூடிட்டாங்க. வேற எதை வெச்சாலும் மூஞ்சியச் சுளிப்பார்.

ஜூலை 9, புதன்

மழை. பீர் காய்ச்சுற சாமான் விக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எழுபது இருக்கும், வெள்ளைத் தாடி. கூழைக்கடா பீர் அவருக்கும் தெரியலை, ருசி எப்படி இருக்கும்னு கேட்டார். தெரியாது. ஒரு சொட்டு குடிச்சதில்ல நான். வாசம் மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை ரெண்டு பாட்டில் முடிச்சுட்டு வீட்டுக்காரர் படுக்க வருவார், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப்பேன். இருபத்திரெண்டு வருஷம்.

இதையெல்லாமா கடைக்காரர்கிட்ட சொல்ல முடியும். வறுத்த ரொட்டி, ஆரஞ்சுத் தோல்னு மட்டும் சொன்னேன். டாக்டர் மாதிரி எழுதிக்கிட்டார். லேசான ஏல் வகை பீர், வெயில்ல புல் வெட்டிட்டு வந்து மடக்மடக்னு குடிக்கிற ரகம்னார்.

வாங்கினது: முளைகட்டின பார்லில எடுத்த மால்ட் சாறு ரெண்டு டின். ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூ ரெண்டு பொட்டலம். ஈஸ்ட். மூடி போட்ட பெரிய வாளி. கிருமி கொல்ற மருந்து. பாட்டில், மூடி.

எனக்கு வேண்டியது அந்த வாசம். அது வந்தாப் போதும்.

ஜூலை 12, சனி

காய்ச்சியாச்சு. சாம்பார் அண்டாவுல ஹாப்ஸ் கொதிச்சு வீடெல்லாம் வேப்பங்கொழுந்து அரைச்ச மாதிரி.

சுத்தம், சுத்தம், சுத்தம்னு கடைக்காரர் மூணு தடவை சொல்லியிருந்தார். கரண்டி, வாளி, மூடி எல்லாத்தையும் ஒரு மணி நேரம் மருந்துல ஊற வெச்சேன். ஆறினப்புறம் ஈஸ்ட் தூவினேன். தூவிட்டு என்ன பண்ணேன்? ஸ்வெட்டர் கையை மடிச்சு விட்டுட்டு முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக் கலக்கிட்டேன். இட்லி மாவு நெனப்பு. கை போட்டுக் கரைச்சாத்தானே பொங்கும். பாதியிலதான் உறைச்சது. அடிப்பாவி.

கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். புளிச்சாலும் புளிக்கலாம், காத்திருங்கன்னார். கீழ கொட்டிட்டுத் திரும்பக் காய்ச்ச மனசு வரல. வீட்டுக்காரர் என் கைமாவு இட்லி பதினஞ்சு தின்னவர்.

ஜூலை 15, செவ்வாய்

வாளிக்குக் குளிராம லாண்டிரியில ஹீட்டர். எனக்குக்கூட இவ்வளவு போட்டதில்ல. மூடி மேல காத்து வெளியேற இருக்கிற தண்ணிக் குழாய் ‘குளுக், குளுக்’. வீட்ல என்னைத் தவிர ஒரு சத்தம். ஸ்டூல் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சேன். பைத்தியம்.

எதிர்வீட்டு பத்மா அன்ரி கறிவேப்பிலை கொண்டு வந்தாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போறவங்க. அது என்ன சத்தம்னு கேட்டாங்க. தோசை மாவுன்னேன். ஓம், இந்தக் குளிருக்கு நல்லாப் பொங்குது போலன்னுட்டுப் போனாங்க. நம்பினாங்களா, தெரியல.

ஜூலை 26, சனி

பீரைப் பாட்டில்ல அடைச்சேன், பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை. இருபத்தாறு பாட்டில். இன்னும் ரெண்டு வாரம் இருக்கணும், சரியா திதிக்கு முந்தின நாள். முகர்ந்து பார்த்தேன். ஒண்ணும் பிடிபடல. புளிப்பு இல்ல, அது வரைக்கும் சரி. இருமல். பயறு வாங்கணும். கவுன்சில்ல பச்சைக் குப்பைத் தொட்டி மாத்தித் தரச் சொல்லணும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மகன் அருண் சிட்னியில இருந்து பேசினான். வேலை ஜாஸ்தி, திதிக்குக் காலைல வந்து அன்னிக்கே திரும்பணும், ராத்திரி ஏழரை மணி ஃப்ளைட்டாம். இவன் ஸ்கூலுக்காக இந்த ஏரியாவுல நாலு ரூம் வீடு வாங்கினோம். இப்போ மூணு ரூம்ல யாரும் இல்ல. ஒரு ராத்திரி தங்கேன்டானு கேட்கல. கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டா? அதுக்குக் கேட்காமலே இருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். குளிர்தான். அருண் பத்து மணிக்கு வந்தான். இளைச்சிருக்கான்.

இலை: சாதம், மட்டன் குழம்பு, முட்டை, வடை, பாயசம். படத்துக்கு முன்னாடி டம்ளர். பாட்டிலைத் திறந்தேன். புஸ்ஸுனு நுரை. குனிஞ்சு முகர்ந்தேன். ரொட்டி இருக்கு. ஆரஞ்சுத் தோல் இருக்கு. புளிக்கல. எல்லாம் இருக்கு, அது இல்ல. ரெண்டாவது பாட்டில் திறந்தேன். அதே. வெறும் பீர்.

அழுதுட்டேன், குழந்தை முன்னாடி. அஞ்சு வாரம். என் மூக்கு மறந்துடுச்சா, இல்ல நான்தான் கோட்டை விட்டேனா? அருண் சூடம் காட்டினான். சாதத்தை வெளிய வெச்சான், காக்கா வந்து எடுத்துச்சு.

சாப்பிட்டோம். திறந்தது வீணாப் போகுதேன்னு ரெண்டு பாட்டிலையும் அவனே குடிச்சான். “அம்மா, சீரியஸா, இது நல்லா இருக்கு”ன்னான். அப்படியே சோபாவுல சாஞ்சு தூங்கிட்டான். வாய் லேசாத் திறந்து.

ஃப்ளைட்டுக்கு நாலே முக்காலுக்கு எழுப்பச் சொல்லியிருந்தான். எழுப்பப் போனேன். தோளைத் தொடக் குனிஞ்சேன்.

அதே வாசம். அப்படியே அதே. பீர்ல மட்டும் இருந்ததில்ல அது. குடிச்சுட்டுத் தூங்குற மூச்சுல, கழுத்துச் சூட்டுல. நான் திரும்பிப் படுத்த அதே வாசம்.

கார்ப்பெட்டுல அவன் தலைகிட்ட உட்கார்ந்து இதை எழுதறேன். மணி ஆறு ஆகப்போகுது. எழுப்பல.