பயம்: பத்துக்கு இரண்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று திரும்பி வந்த பேய் நாவல்கள் பதினொன்று. துடைத்து, உதறி அலமாரிக்கு அனுப்பிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஒரு வாய் இறங்கவில்லை. உதறியதில் விழுந்தவை: சுருண்ட முடி, பிஸ்கட் தூள், பக்க அடையாளத்துக்கு வைத்த காதுகுடையும் குச்சி. புதுசு இல்லை, குடைந்தது! நூற்றுப் பத்தாம் பக்கத்தில் ஒரு கொசுவை அறைந்து கொன்று அப்படியே மூடி வைத்திருக்கிறார்கள். அந்த நாவல் முழுக்க இருக்கிற ரத்தத்தில் அது ஒன்றுதான் நிஜம்.

காதல் கதை படிக்கிறவர்கள் கூடப் பரவாயில்லை. பயந்தால் மட்டும் மனிதனுக்கு ஏன் இப்படிப் பசிக்கிறது?

இதில் கருத்துத்தாள் வேறு. எங்கள் நூலகர் கண்டுபிடித்த கூத்து. ஒவ்வொரு பேய் நாவலின் பின்னட்டைக்கு உள்பக்கமும் கோடு போட்ட தாள் ஒட்டியிருக்கிறோம். எப்படி இருந்தது, பயம் பத்துக்கு எத்தனை, அடுத்து எதைப் படிக்கலாம் என்று வாசகர்கள் எழுத வேண்டும். எழுதுகிறார்களே! ‘குடல் உருவும் இடம் சூப்பர்.’ ‘இன்னும் நாலு பேரைக் கொன்றிருக்கலாம்.’ படிக்கப் படிக்கக் குமட்டுகிறது.

பக்கத்துக்குப் பக்கம் எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர், வாரத்துக்கு நாலு பேயைத் தின்கிறவர். அவர் தொட்ட புத்தகத்தை நான் ஸ்கேல் வைத்துத்தான் திறப்பேன்.

ஒரே ஆறுதல், வெள்ளைச்சட்டை என்று நான் பேர் வைத்திருக்கிற ஆள். மருந்துக்கடை வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார், புத்தகத்துக்கு இங்கேயே காக்கி உறை போட்டுத்தான் கொண்டு போவார். வரும்போது ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. உறையைக் கழற்றி நான் மடித்து வைப்பேன், அடுத்த வாரம் அதையே கேட்டு வாங்கிக்கொள்வார். இப்படி ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் போதும்.

மார்ச் 6, வியாழன்

என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து கால்நகம் வெட்டினார். ஒன்று தெறித்து என் காபியில் விழுந்தது. டம்ளரையே மாற்றிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வெள்ளைச்சட்டை திருப்பிய புத்தகத்தின் உறையைக் கழற்றினேன். உறையின் மடிப்பு மூடியிருந்த இடத்தில், கருத்துத்தாளில், பென்சிலால் பொடி எழுத்து. இத்தனை நாளில் அவர் ஒரு வரி எழுதியதில்லை. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

‘பூட்டிய வீட்டுக்குள் பேயோடு மாட்டிக்கொண்ட பெண்ணின் கதை. பத்து நாளும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள். மூன்றாம் நாளே கை நின்றுவிடும். பிறகு கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்குப் பக்கம் படுத்துக்கொள்வோம். அங்கேதான் காற்று வரும், போகிறவர்களின் செருப்பு தெரியும். எழுதியவர் ஒரு நாளும் உள்ளே இருந்ததில்லை. பயம்: பத்துக்கு இரண்டு. அடுத்து: எதுவானாலும் தடியாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒன்றுதான் வருகிறது.’

எழுத்து அச்சடித்த மாதிரி. அடித்தல் திருத்தல் இல்லை. சுத்தமான ஆள் சுத்தமாகத்தானே எழுதுவார்! ஒரு பெண்ணின் இடத்தில் தன்னை வைத்து இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டபடியே அலமாரியிலேயே தடியான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைச்சட்டை அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “இவ்வளவு பெருசா? எதுக்குங்க?” என்றார். அடக்கமான மனிதர். தான் கேட்டதைக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

போன வாரப் புத்தகத்தை அதற்குள் கணக்கு வாத்தியார் எடுத்துப் படித்திருக்கிறார். பென்சில் எழுத்துக்குக் கீழே எண்ணெய் விரல் ரேகையோடு எழுதியிருந்தார்: ‘நான் ஒன்பது போட்டிருப்பேன். உங்கள் கருத்தைப் படித்த பிறகு நாவல் சப்பென்று ஆகிவிட்டது. யார் நீங்கள்?’

ரேகையை அழிரப்பர் வைத்து அரைமணி நேரம் தேய்த்தேன். போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அடுத்த கருத்து. குடும்பத்தையே கொல்கிற ராட்சசன் நாவல் அது, ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம்.

‘கத்துகிற பேய்க்கு யார் பயப்படுவார்கள்? கத்தினால் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். மெதுவாகப் பேச வேண்டும். “சாப்பிட்டியா?” என்று கேட்க வேண்டும். பிறகு சாவி சட்டைப்பையில் விழுகிற சத்தம் வர வேண்டும். பயம்: பத்துக்கு ஒன்று. அடுத்து: வெளியே நடக்கிற கதை. கடலோ காடோ.’

படித்ததும் உடம்பு சிலிர்த்தது. இருபது வருடமாகக் குப்பை துடைத்ததற்கு ஒரு நல்ல வாசகர் கிடைத்தார் என்று பூரித்துப்போனேன். நூலகரிடம் காட்டினேன். பல்லைக் குத்திக்கொண்டே, “சனிக்கிழமை வாசகர் கூட்டத்துல படிச்சுக் காட்டும்மா. கை தட்டச் சொல்லுவோம்” என்றார். வெள்ளைச்சட்டையிடம் ஒரு மரியாதை காத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி அழைத்தேன். வருகிறேன் என்றார். கடல் கதை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 29, சனி

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

மாலை நாலு மணிக்குப் பதினாலு பேர் வந்திருந்தார்கள். யாருக்கு எந்தப் பேய் பிடிக்கும், அடுத்து எதை வாங்கலாம் என்று வழக்கமான அரட்டை. ஒரு அம்மாள் பிணவறைக் கதை வேண்டும் என்று பஜ்ஜியைக் கடித்தபடியே சொன்னாள். நான் எழுந்து இரண்டு கருத்துகளையும் உரக்கப் படித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். எழுதியவர் இவர்தான் என்று வெள்ளைச்சட்டையைக் காட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “நான் கதையெல்லாம் படிக்கறதில்லீங்க. வீட்ல அவளுக்குத்தான் கொண்டு போறேன். எங்க, அதக் கொஞ்சம் குடுங்க.”

கொடுத்தேன். நானே, என் கையாலேயே கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். “அவளுக்குக் கற்பனை ஜாஸ்தி” என்றார், அத்தனை மெதுவாக. பிறகு என் மேஜையிலிருந்த காக்கி உறையைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் கணக்கு வாத்தியார் என் கையைப் பிடித்தார். அந்த எச்சில் விரல். உதறப் போனேன்.

“ஏம்மா, கதவுக்கு அடியில காத்து வரும்னு யாராவது கற்பனை பண்ணி எழுதுவாங்களா? படுத்துப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். நானும் மொதல்ல இது கதைதான்னு நெனச்சேன். வாரத்துக்கு ஒண்ணுதான் வருதுன்னு எழுதியிருக்கே, அங்கதான் இடிச்சுது.”

கையை உதறவில்லை. 

மார்ச் 30, ஞாயிறு

தடியான புத்தகம் எதுக்குங்க என்று கேட்டாரே. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லையே. வெள்ளையாகச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், நான் ஏமாந்துபோனேன். அழுக்கைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்!

இன்று முழுக்க என்மேலேயே எனக்கு நாறுகிறது. இரண்டு முறை குளித்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் மருந்துக்கடைக்குப் போனேன். கண்ணாடி மேஜையில் முகம் பார்க்கலாம். நான் கை வைத்த இடத்தை நான் எடுத்ததும் துடைத்தான். பேய் நாவல் கை மாறும்போது நானும் இதைத்தானே செய்கிறேன்!

புத்தகம் என்று ஆரம்பித்தேன்.

“இனிமே அவ படிக்க மாட்டா. கண்ணு கெட்டுடும் பாருங்க. நானே கொண்டாந்து குடுத்துடறேன்.”

“நான் வந்து வாங்கிக்கறேனே?”

“வேணாம்” என்றான். அதே சிரிப்பு. மாத்திரையை உறையில் போட்டு, மடித்து, மடிப்பை நகத்தால் நீவிக் கொடுத்தான். வெளியே வந்து சாக்கடையில் வீசிவிட்டேன்.

நூலகரிடம் சொன்னேன். “குடும்ப விஷயம். நமக்கெதுக்கும்மா வம்பு?” என்றார். பல்குச்சி வாயிலேயே இருந்தது. பதினைந்து நாளில் புத்தகம் திரும்பாவிட்டால் ஊழியர் வீட்டுக்கே போய் வாங்கலாம் என்று ஒரு விதி உண்டு. இதுவரை யாரும் போனதில்லை. மார்ச் இருபத்தைந்திலிருந்து விரல் விட்டு எண்ணினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் வரவில்லை. நாத்தனாரிடம் பேசினேன். சுகாதார நிலையத்தில் நர்ஸ், வீடு வீடாகப் போகிறவள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். என்னைச் சோப்புக்கட்டி என்றுதான் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வா அண்ணி. அந்த ஆளு கடையில இருப்பான்” என்றாள். 

ஏப்ரல் 10, வியாழன்

 தூங்கும் முன் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

மாடி வீடு. வாசலில் கடுகளவு தூசி கூட இல்லை. கதவில் வெளிப்பக்கம் பூட்டு, ஜன்னல்களில் உள்பக்கம் பலகை. நாத்தனார் தட்டினாள். சத்தமே இல்லை. மறுபடி தட்டினாள். ஆள் இல்லையோ, எங்காவது கொண்டு போய்விட்டானோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

அப்புறம்தான் புத்தி வந்தது. தட்டினால் வர மாட்டாள். நான் தரையில் படுத்தேன். ஆமாம், நான்தான். பஸ் சீட்டைக்கூடத் துடைக்காமல் உட்காராதவள் கால்மிதியடிமேல் கன்னத்தை வைத்துப் படுத்தேன். இடுக்கு இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

“நூலகத்துலேர்ந்து வந்திருக்கோம்மா. கடல் கதப் புத்தகம். நாள் தாண்டிடுச்சு.”

 பிறகு என் முகத்துக்கு நேராக, தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது.

“அத அவர் பிடுங்கிப் பரண்மேல போட்டுட்டார். இன்னும் நாப்பது பக்கம் பாக்கி இருக்கு.”

 “கூட்டத்துல படிச்சுக் காட்டினது நான்தாம்மா. உங்க வீட்டுக்காரர்தான் எழுதினார்னு நெனச்சேன். மன்னிச்சிடுங்க” என்றேன்.

“கை தட்டினாங்கன்னு சொன்னார்.” குரல் இடுக்குக்கு இன்னும் கிட்டே வந்தது. “நெஜமாவா?”

“நெஜமா.”

நாத்தனாரும் பக்கத்தில் குனிந்தாள். “நான் நர்ஸும்மா. உள்ள எத்தன நாளா இருக்கீங்க?”

“ரெண்டு வருஷம். அக்கா வந்தா நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடுவார்.”

“வெளிய வர்றீங்களா? நீங்க சரின்னு சொன்னா இப்பவே போலீஸக் கூப்பிடறேன். சொல்லலன்னா கூப்பிட மாட்டேன்.”

 மூச்சு மட்டும் கேட்டது. என் கழுத்தில் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிடவில்லை.

“அந்தப் புத்தகத்த எடுத்துட்டு வரலாமா?” என்றாள்.

பெண் போலீஸ் இரண்டு பேர் வந்து பூட்டை உடைத்தார்கள். மெலிந்த உருவம். வெளிச்சம் கூசி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் நாலு விரல் தடம் பச்சையாக இருந்தது. கூட்டம் நடந்த சனிக்கிழமை விழுந்த தடம்தான், கேட்காமலே தெரிந்தது. அதுக்கு நான்தான் காரணம். அதை எந்தத் துணியால தொடைக்கிறது?

அவன் வந்தான். சட்டையில் ஒரு சுருக்கமில்லை. “வெளிய ஒரே தூசிங்க. அவளுக்கு ஆகாது” என்று போலீஸிடம் விளக்கம் சொல்கிறான்! த்தூ. எழுதும்போதே வாயில் எச்சில் ஊறுகிறது.

பரணிலிருந்து புத்தகத்தை நான்தான் எடுத்தேன். காக்கி உறையைக் கிழித்து அங்கேயே போட்டுவிட்டு, அவள் கையில் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாளாம். புகாரில் அவளே கையெழுத்துப் போட்டாளாம். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது என்று நாத்தனார் சொன்னாள். சொல்லிவிட்டு, அழுக்குக் காலோடு என் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 20, செவ்வாய்

வாத்தியார் கேட்டார், ஏதாவது தகவல் உண்டா என்று. இல்லை என்றேன். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினார். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்கேலைத் தேடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அவள் வந்தாள். அக்கா வாசலில் நின்றுகொண்டாள், இவள் மட்டும் உள்ளே வந்தாள். போன வாரம் சொந்தப் பேரில் அட்டை எடுத்து ஒரு பேய் நாவலும் கொண்டு போனவள் என்று அந்த நேரத்தில் வேலை பார்த்தவர் பிறகுதான் சொன்னார். உடம்பு தேறி முகமே மாறியிருந்தது, குரலை வைத்துத்தான் எனக்கு ஆளை அடையாளம் தெரிந்தது.

“மன்னிச்சுக்கோங்க, கறை ஆயிடுச்சு” என்று புத்தகத்தை நீட்டினாள். உறை இல்லை. அட்டையில் டீ டம்ளர் வைத்த வட்டம். உள்ளே ரொட்டித்தூள். பக்கத்தின் மூலையை நாய்க்காதாக மடித்திருந்தாள். நான் ஜென்மத்துக்கும் மன்னிக்காத குற்றங்கள் எல்லாம் ஒரே புத்தகத்தில்!

அவள் போன பிறகு பின்னட்டையைத் திறந்தேன். அதே பொடி எழுத்து, இந்த முறை பேனாவில்.

‘சாதாரணப் பேய்தான், கிணற்றில் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் படிக்க முடியாமல் மூடிவிட்டு, ஓடிப்போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். பயம்: பத்துக்கு எட்டு. அடுத்து: இதே மாதிரி.’

துடைக்கிற துணியை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். புத்தகத்தை அப்படியே அலமாரிக்கு அனுப்பினேன்.