சிவப்புப் புள்ளி வைத்த பல்புகள்

மச்சான்,

இரண்டு ஹெட்லைட் பல்புகளை எதிரே வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். உன் பிஸ்கட் டப்பாவில் கிடைத்தவை. காரியம் முடிந்த மறுவாரம், உன் பெண்சாதி வண்டிச் சாவியோடு அந்த டப்பாவையும் என் கையில் கொடுத்தாள். "வண்டி சாமான் எல்லாம் இதுலதான் வச்சிருந்தாரு, நீங்களே பாத்துக்குங்கண்ணே" என்றாள். திறந்ததும் பெட்ரோலும் பீடியும் கலந்த உன் சட்டை வாசனை வந்தது. ஸ்பானர், பழைய பிளக்கு, எண்ணெய்த் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் காலண்டர் தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம். பிரித்தேன். இந்த இரண்டு பல்புகள். இரண்டின் பித்தளைக் கழுத்திலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியை வைத்தவன் நான். டாக்ஸி ஸ்டாண்டில் என் சாமான் எதுவும் அடுத்தவன் சாமானோடு கலந்துவிடக் கூடாது என்று ஸ்பானரிலிருந்து பல்பு வரைக்கும் புள்ளி வைப்பவன் நான் ஒருவன்தான். அது உனக்கும் தெரியும். அப்படியானால் ஐந்து வருஷமாக உனக்கு எல்லாமே தெரியும். அடப்பாவி, ஒரு வார்த்தை சொன்னாயா?

எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். செத்தவனிடம் என்ன பொய்? இருக்கிறது.

முதுநகர் ஜங்ஷன் வாசலில் நம் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ரயிலை விட்டு இறங்குகிறவன் டிரங்குப் பெட்டியோடு நேரே உன்னிடம்தான் வருவான். நான் முன்னால் நின்றாலும் என்னைச் சுற்றிக்கொண்டு உன்னிடம் போவான். டீக்கடைக்காரர் உனக்கு மட்டும் கிளாஸை வெந்நீரில் அலம்புவார். மத்தியானம் உன் வீட்டிலிருந்து வரும் தூக்குவாளியில் எறாத் தொக்கு இருக்கும். பாதியை என் பக்கம் தள்ளுவாய். நான் தின்பேன். தின்னும்போதே வயிறு எரியும். அது காரத்தினால் இல்லை.

இத்தனைக்கும் உன்னுடையது என்னுடையதைவிடக் கிழட்டு வண்டி. பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாய். ஆனால் பொழுது சாய்ந்து நீ லைட்டைப் போட்டால் எதிர்க் கிடங்குச் சுவரில் எழுதியிருப்பதெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். நான் போட்டால் காலடியில் ஓடும் சாக்கடைகூடத் தெரியாது. கேட்டால் சிரிப்பாய். "சாதா பல்புதான் மச்சான்" என்பாய். நம்புவதற்கு நான் என்ன கேனையனா? கப்பலில் வந்த பல்பு எவனோ கொடுத்திருக்கிறான், என்னிடம் மறைக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் ஜவுளிக்கடை பாயின் வாடகைச் சவாரி வந்தது. அவருக்குச் சிதம்பரத்தில் இன்னொரு கடை. வாரத்தில் மூன்று நாள் காலையில் போய், சாயங்காலத் தொழுகையை முடித்துக்கொண்டு திரும்புவார். முன்பு வைத்திருந்த வண்டி, வெளிச்சம் போதாமல் ஒரு நாள் நெல்வண்டியின் பின்னால் முட்டப் பார்த்ததாம். நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "ஒரு வாரம் அவரு வரட்டும், மறுவாரம் நீங்க வாங்க தம்பி. எனக்கு வெளிச்சந்தான் முக்கியம். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

உனக்கு அது வந்தால் ஒரு வாடகை, வராவிட்டால் இன்னொன்று. உன் வண்டி உன்னுடையது. எனக்கு அப்படியில்லை. என் வண்டியின் முதலாளி, "இந்த மாசத்துக்குள்ள நெரந்தரமா ஒரு வாடகை புடிச்சாத்தான் வண்டி. இல்லாட்டி வித்துப்புடுவேன்" என்று சொல்லியிருந்தார். அது போனால் என் கையில் ஸ்டியரிங் இல்லை. இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாய். நீ விட்டுக்கொடுத்து நான் வாங்குவதா?

திருப்பாதிரிப்புலியூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று தினுசு எடுத்து வைத்தார். ஒன்று சாதா. ஒன்று வாட்டு கூடியது. ஒன்று கப்பலில் வந்தது, பஞ்சுக்குள் படுத்திருந்தது.

"எது நல்லா வெளிச்சம் குடுக்கும்?"

"எல்லாந்தான் குடுக்கும். நீ எவ்ளோ கொண்டாந்திருக்க, அதச் சொல்லு."

சொன்னேன். பஞ்சுக்குள் இருந்ததை மெல்ல உள்ளே எடுத்து வைத்துவிட்டார். நடுவில் இருந்ததைத் தள்ளினார். "இதுல வாட்டு ஜாஸ்தி. ஆனா ஒயரு தாங்குமா, பேட்டரி தாங்குமான்னு பாத்துக்க. அப்புறம் வந்து என்னயச் சொல்லக் கூடாது."

நான் எங்கே பார்த்தேன்? மாட்டினேன். இரண்டு நாள் சுமாராக எரிந்தது. மூன்றாம் நாள் ஆலப்பாக்கம் தாண்டும்போது டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம். மறுநாள் காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. போர்ட்டர்கள் வந்து தள்ளினார்கள். எல்லாருக்கும் பின்னால், தோளைக் கொடுத்து, நீ. தள்ளிக்கொண்டே சொன்னாய்: "பல்ப மாத்தறத வுடு மச்சான். ஒரு நாளு எங்கூட சிதம்பரம் வா. ஒன்ன ஒரு எடத்துக்குக் கூட்டினு போறேன்."

பாய் உன் வண்டியில் ஏறி உட்காரும் அழகை நான் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறாய் என்று எனக்குப் பட்டது. "எனக்கு வேல இருக்குது" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாய். மறுபடியும் அதையேதான் சொன்னேன்.

பழைய சாதா பல்பையே திரும்ப மாட்டினேன். மாட்டும்போது பார்த்தால் பல்புக்குப் பின்னால் இருக்கிற ரிஃப்ளெக்டர் கிண்ணம் உப்புக்காற்றில் மங்கிக் கிடந்தது. வீட்டில் குத்துவிளக்கை எப்படித் தேய்ப்பார்கள்? அப்படியே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். என் பெண்சாதிகூட, "வௌக்கா அது, இந்தத் தேய் தேய்க்கிறே?" என்று கேட்டாள். கிண்ணம் தங்கமாய் மின்னியது. எனக்கு ஒரே சந்தோஷம். மேலே இருந்த வெள்ளிப்பூச்சு மொத்தமும் கழன்று அடியில் இருந்த பித்தளை பல்லைக் காட்டுகிறது என்று எனக்கு யார் சொல்வது? சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். முன்பைவிட மோசம்.

உன் வாரம் முடிந்தது. பாய் டீக்கடையில் நின்று உன் லைட்டைப் பற்றி எல்லாரிடமும் சொன்னதைக் கேட்டேன். என் வாரத்தின் முதல் நாளில் பாய்க்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. சாப்பிட்டுவிட்டு நீ வழக்கம்போல் பூவரச மரத்தடியில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தாய். ஸ்டாண்டில் வேறு யாரும் இல்லை. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

முதல் விளக்கின் வளையத்தைக் கழற்றி உன் பல்பை உருவினேன். கழுத்தில் பெயர் எதுவும் படிக்க முடியவில்லை, தேய்ந்திருந்தது. 'திருட்டுப் பயல், கப்பல் பல்பு என்று தெரியக் கூடாதென்று பெயரைச் சுரண்டியே வைத்திருக்கிறான்' என்று உன்னைத் திட்டினேன். திருடிக்கொண்டிருந்தவன் நான்! உன் ரிஃப்ளெக்டரில் என் முகம் தெரிந்தது, மீசையில் நின்ற வேர்வை முதற்கொண்டு. பார்க்கப் பிடிக்காமல் என் பல்பைத் திணித்து அவசரமாக மூடினேன். இரண்டாவதை மூடும்போது வளையத்தின் ஸ்க்ரூ ஒன்று கைநழுவி வண்டிக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடினேன். நீ இருமினாய். அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் பல்புகளை என் வண்டியில் மாட்டிக்கொண்டு போய், சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து பாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். லைட்டைப் போட்டேன். அதே மினுக்கட்டான்பூச்சி வெளிச்சம். அணைத்துப் போட்டேன். அதேதான். புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வைக்கோல் வண்டி, மூக்கு உரசும் தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதித்த மிதியில் பாயின் தொப்பி என் மடியில் வந்து விழுந்தது. அவர் கத்தவில்லை. தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, அல்லா காப்பாத்துனான். நாளையிலேருந்து அவரையே வரச் சொல்லிடுங்க."

ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தால், நெல்லிக்குப்பத்துக்கு வாடகை கிடைத்து நீ கிளம்பிக்கொண்டிருக்கிறாய். என் பல்பைப் போட்டுக்கொண்டு, கிடங்குச் சுவர் முழுக்க வெளிச்சம் அடிக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னைப் பிடித்து உலுக்கி, எப்படிடா என்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? கேட்டால் பல்பை மாற்றியதைச் சொல்ல வேண்டுமே!

மறுநாள் காலையில் நீ வந்து உள்ளங்கையை விரித்தாய். "இங்க ஒரு ஸ்க்ரூ கெடந்துச்சி. ஒன்னுதா மச்சான்?"

"இல்ல" என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

மாசக் கடைசியில் முதலாளி என் வண்டியை விற்றுவிட்டார். நான் நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டப் போனேன். நீ இரண்டு தடவை என்னைத் தேடி வந்தாய். லோடு ஏற்றப் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு, கரும்புக்கட்டுக்குப் பின்னால் நின்று உன் வண்டி திரும்பிப் போவதைப் பார்த்தேன். அப்புறம் உனக்கு மஞ்சக்காமாலை என்றார்கள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். வந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம். பாய் மகனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் கணக்குப் போட்டேன். என்னைப் பார், நான் இப்படித்தான்.

பதினாறாம் நாள் உன் பெண்சாதி சொன்னாள்: "வண்டிய விக்க வேணாம், அண்ணந்தான் ஓட்டணும்னு சொல்லிட்டுப் போனாருண்ணே. அவுரு கையிலதான் நல்லாருக்கும்னாரு."

என் கையில்! நீ சொன்னாய்!

பல்பு சுற்றியிருந்த காலண்டர் தாளின் பின்னால் உன் கோழிக்கிறுக்கலில் சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தின் அடையாளம் எழுதியிருந்தது. போன வெள்ளிக்கிழமை உன் வண்டியிலேயே போனேன். சாமி கவசத்துக்கும் கோயில் தட்டுக்கும் வெள்ளி முலாம் பூசுகிற ஆசாரி ஒருவர் அந்தச் சந்தில் இருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துத்தான் எழுந்து வந்தார்.

"இந்த வண்டியா! இதோட கிண்ணத்துக்கு நாந்தானே முலாம் போட்டேன். சாதா பல்பப் போட்டாலே போதுங்க, பத்து வருசம் பேசும். அவுரு வரலியா?"

சொன்னேன். ஹெட்லைட் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்தார்.

"இன்னொரு ஜோடி இருக்குது, எம் மச்சான் வண்டிது, அவனையே கூட்டினு வரேன்னாரு. கூலிகூட முன்னாடியே குடுத்துட்டாரு. அப்புறமா வந்து, கூப்ட்டா வரமாட்டேங்கறான் ஆசாரின்னு சிரிச்சாரு. அந்த மச்சான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வெளிச்சத்தை எனக்குக் கொடுக்கப் பார்த்தாயே, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட வைத்துவிட்டாயே. நான் உன் இடத்தில் இருந்தால் செய்திருப்பேனா? மாட்டேன். அதுதான் எரிகிறது.

இப்போது உன் இடத்தில்தான் வண்டியை நிறுத்துகிறேன். டீக்கடைக்காரர் எனக்கும் கிளாஸை வெந்நீரில் அலம்புகிறார். வண்டிக்காக அலம்புகிறார், எனக்குத் தெரியும். நேற்றுப் பொழுது சாய்ந்து லைட்டைப் போட்டேன். ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் டிரைவர், புதுப்பாளையத்துக்காரன், என்னைவிடப் பெரிய மீசை, முன்னால் வந்து நின்று பார்த்தான்.

"என்னா பல்பு மாமா இது?"

கப்பல் பல்பு என்று சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு, "சாதா பல்புதான். ஒரு நாளு எங்கூட சிதம்பரம் வா, ஒரு எடத்துக்குக் கூட்டினு போறேன்" என்றேன்.

"எனக்கு வேல இருக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

அவன் இன்று காலையிலிருந்து என் ஹெட்லைட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிறான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பூவரச மரத்தடியில், நீ படுத்த இடத்தில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுக்கப் போகிறேன். துண்டு மெல்லிசு. அதற்குள்ளிருந்து பார்த்தால் வண்டி முழுக்கத் தெரிகிறது, இப்போதுதான் பார்த்தேன்.

அன்றைக்கு நீ தூங்கவே இல்லை, அப்படித்தானே மச்சான்?