ஏழாவது பத்தி

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்.
4 மார்ச் 1912

அன்புள்ள அண்ணைக்கு,

கம்பெனி அறிக்கையைப் படித்துவிட்டேன். நான்கு பக்கமும், இரண்டு தரம். இல்லை, விளங்காமல் இல்லை.

உங்கள் சுங்கை மெராண்டி ரப்பர் கம்பெனிக்குச் சென்ற வருடம் எழுபத்தோராயிரம் வெள்ளி வந்திருக்கிறது. செலவுகள் வரிவரியாக இருக்கின்றன. கூலி, அரிசி, கப்பல் வாடகை. நாற்பது வெள்ளிக்கு வாங்கிய எருமைக்குக்கூட ஒரு வரி. அதன் கீழே ஒரே தொகை: "நிர்வாகமும் பிறவும், இருபத்தோராயிரம்." பிறகு, பங்குதாரருக்கு இவ்வருடம் ஒன்றும் இல்லை.

எருமைக்கு வரி உண்டு. நான்கு டைரக்டர்மாருக்கு இல்லை. அவர்கள் எவ்வளவு எடுத்தார்கள்?

குணமணியின் அப்பா இறந்தபோது துறைமுகத்தில் தந்த முந்நூறு வெள்ளி இந்த அறுபது பங்கில் இருக்கிறது. குணமணியின் படிப்புக்கு என்று வைத்தது. நீங்கள்தான் வாங்கித் தந்தீர்கள். ஆகவே உங்களைக் கேட்கிறேன்.

ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து டிராமில் இருபது நிமிடம். இரண்டு மாதமாக நீங்கள் வரவில்லை. அறிக்கை மட்டும் தபாலில் வருகிறது. குணமணி மாமாவைத் தேடுகிறாள்.

தங்கள் தங்கை,
பூரணம்


ராஃபிள்ஸ் பிளேஸ்
7 மார்ச் 1912

அன்புள்ள தங்கச்சி பூரணத்துக்கு,

நான் சுகம். 28ஆம் தேதி வருடாந்தக் கூட்டம். கந்தோரில் கணக்கு வேலை, தலை நிமிர நேரமில்லை. வராததற்கு வேறு காரணம் தேடாதே.

நீ கேட்டதை நான் சொல்ல ஏலாது. தலைமைக் கிளார்க்கு வாய் திறந்தால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவன் இருப்பான். பெரிய மனிதர்களின் சம்பளத்தைக் கேட்பது நமக்கு வழக்கமா? உன் பள்ளித் தலைமை அம்மா எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்பாயா? பொறு. ரப்பர் விலை திரும்பும்.

குணமணிக்கு நாலு யார் சீட்டித் துணி அனுப்பியிருக்கிறேன். நீலம்.

அன்புள்ள அண்ணன்,
விஸ்வலிங்கம்


சிராங்கூன் சாலை
16 மார்ச் 1912

அன்புள்ள அண்ணைக்கு,

துணி நன்றாக இருக்கிறது. இன்னும் வெட்டவில்லை.

தலைமை அம்மாவின் சம்பளம் என் பணத்திலிருந்து போவதில்லை. அதனால் கேட்பதில்லை.

பங்கு விற்க அன்று அச்சிட்ட ஆங்கிலப் பிராஸ்பெக்டஸ் ஒன்று வேண்டுமென்று கந்தோருக்கு ஒரு வெள்ளி அனுப்பினேன். வந்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்து. உள்ளே எனக்கென்று ஒரு சொல் இல்லை.

அதையும் நம் ஆட்களுக்கென்று நீங்கள் எழுதிக் கல்லச்சில் போட்ட தமிழ்த்தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆங்கிலத்தில் பதின்மூன்று பத்தி. தமிழில் பன்னிரண்டு. ஏழாவது இல்லை.

ஏழாவது இதுதான். டைரக்டர் ஒவ்வொருவருக்கும் வருடம் ஆயிரத்திருநூறு வெள்ளி. அதற்கு மேல், பங்குதாரருக்குப் பிரிக்குமுன் இலாபத்தில் பத்தில் ஒன்று. காரியதரிசி வேலை பார்க்கும் ஏஜென்சிக்கு மாதம் ஐந்நூறு. அந்த ஏஜென்சி கம்பெனித் தலைவருடையது. வெள்ளைக்காரப் பங்குதாரர் இதைப் படித்துவிட்டு வாங்கினார்கள். நாங்கள் மரங்களின் எண்ணிக்கையைப் படித்து வாங்கினோம்.

மளிகைக்கடை அப்துல் கஃபாரிடம் தாளைக் காட்டினேன். அவருக்கு இருநூறு பங்கு. வெகு நேரம் பார்த்தார். "உங்க அண்ணன் எழுத்து முத்து முத்தா இருந்துச்சும்மா. அந்த எழுத்தப் பாத்துத்தான் வாங்குனேன். கம்பெனிய யாரு பாத்தா?" என்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது.

தமிழ்த்தாளை நம்பி வாங்கியவர்கள் யார் யார் என்று அறியத்தான் நேற்றுக் கந்தோருக்கு வந்தேன். பங்குதாரர் பதிவேட்டைப் பங்குதாரர் எவரும் பார்க்கலாம். நீங்கள் எழுந்து, "குட் மோர்னிங், மேடம்" என்றீர்கள். என்னிடம். பதிவேட்டை என் முன் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றீர்கள்.

என்னையும் சேர்த்துத் தமிழ்ப் பெயர்கள் முப்பத்திரண்டு. கடைசிப் பெயர் விஸ்வலிங்கம். நூற்றைம்பது பங்கு. செலுத்திய பணம் என்ற இடத்தில் ஒரு கோடு.

அது என்ன கோடு, அண்ணை?

பூரணம்


ராஃபிள்ஸ் பிளேஸ்
19 மார்ச் 1912

என் அன்புத் தங்கச்சி,

கேட்டாய். சொல்கிறேன்.

பதின்மூன்று பத்தியும் எழுதித்தான் கொண்டுபோனேன். காரியதரிசித் துரை ஏழாவதன் மேல் பென்சிலால் கோடு கிழித்தார். "உன் ஆட்களுக்கு இது வேண்டாம், விளங்காது" என்றார். விளங்காது என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் மேல் எனக்குப் பகையில்லை. பிறகு அந்தப் பங்குகளை எழுத்துக்கூலி என்று தந்தார்கள். பதிவேட்டில் என் பேரை நானே எழுதினேன்.

மேடம் என்றதற்கு மன்னித்துக்கொள். துரை பக்கத்து அறையில் இருந்தார்.

நூற்றைம்பதில் பாதியைக் குணமணி பேரில் மாற்றித் தருகிறேன். பத்திரம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் கையெழுத்து மட்டும் பாக்கி. 28ஆம் தேதி தாண்டும்வரை ஒருவரிடமும் பேசாதே. என் வேலை போனால் ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புவது யார்?

உன் அண்ணன்,
விஸ்வலிங்கம்


சிராங்கூன் சாலை
22 மார்ச் 1912

அண்ணைக்கு,

பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். துணியையும்.

விளங்காது என்றார்களாம். அப்துல் கஃபார் முப்பது வருடமாகச் சாக்கு அரிசியைக் கையில் அள்ளியே எடை சொல்லுகிறவர். இலாபத்தில் பத்தில் ஒன்று என்றால் அவருக்கு விளங்காதா? விளங்கும் என்பதால்தான் கோடு கிழித்தார்கள். இது உங்களுக்குத் தெரியாதா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை. துரை எனக்கு யார்? நீங்கள் என் அண்ணன்.

அம்மாவுக்கு இந்த மாதத்திலிருந்து நான் அனுப்புகிறேன்.

ஏழாவது பத்தியைத் தமிழில் எழுதினேன். நீங்கள் அன்று எழுதியது கிடைத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். கீழே 28ஆம் தேதிக் கூட்டத்தின் இடமும் நேரமும். அதன் கீழே இந்த வரிகள்:

"இது முன்பு வந்த தமிழ்த்தாளில் விடுபட்டது. அதை எழுதியவர் என் அண்ணன் விஸ்வலிங்கம். அதற்காக அவர் பெற்றது நூற்றைம்பது பங்கு. இதை எழுதுகிறவள் பூரணம். பள்ளியில் மாதச் சம்பளம் முப்பத்தைந்து வெள்ளி. இக்கம்பெனியில் அறுபது பங்கு, விலை கொடுத்து வாங்கியது. இத்தாளுக்கு எவரிடமும் ஒன்றும் பெறவில்லை."

உங்கள் பெயரை விட்டுவிட ஒரு நாள் முழுதும் நினைத்தேன். விட்டால் நானும் ஒரு பத்தியை விட்டவள் ஆவேன்.

முப்பத்தொரு பிரதி எழுதினேன். முப்பதை இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டேன். உங்களுடையதை இதனுடன் வைத்திருக்கிறேன்.

பூரணம்